இரண்டு விரல் சன்ஸ்கிரீன்

50 கிராம் சன்ஸ்கிரீன் டியூப் ஒன்று உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது? மூன்று மாதம் என்றால், நீங்கள் பூசுவது போதாது. நானும் அப்படித்தான் பூசிக்கொண்டிருந்தேன்.

நான் மருத்துவமாது. ஊரில் ‘மிட்வைஃப் மிஸ்’ என்பார்கள். வீடு திருகோணமலை உப்புவெளியில், வேலை நிலாவெளிப் பக்கம். காலை எட்டரைக்கு ஸ்கூட்டியில் ஏறினால், கர்ப்பிணிகள் வீடு, பிள்ளை பெற்றவர்கள் வீடு என்று சுற்றி முடிய ஒன்றரையாகும். வழியில் நிழல் என்று சொல்லப் பனைதான் நிற்கும். பனை நிழல் யாருக்குக் காணும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் விலை கூடிய டியூப் ஒன்றை வாங்கி, விலையை நினைத்து நினைத்துப் பயறளவு தொட்டுப் பூசி, எட்டு மாதம் வைத்திருந்தேன். அந்த எட்டு மாதத்துக்குள்தான் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது.

டியூப்பில் 30, 50 என்று போட்டிருக்கும் இலக்கத்தை ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கும்போது, தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் பூசித்தான் சோதிக்கிறார்கள். நாங்கள் வீட்டில் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, இல்லையென்றால் கால்வாசி. அப்படிப் பூசினால் 50 என்று எழுதியிருக்கும் கிரீம் 50 ஆக வேலை செய்யாது. சுட்டுவிரலையும் நடுவிரலையும் நீட்டி, அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு, ஏறக்குறைய ஒரு கிராம். ஒரேயடியாகத் தேய்த்தால் வழுக்கும். ஒரு விரல் அளவு பூசி, அது ஊறியபின் மற்றதைப் பூசுங்கள். காது, பிடரி, தாடையின் கீழ்ப்பக்கம், மூன்றையும் எல்லோரும் மறக்கிறோம். கொண்டை போடுகிறவர்களுக்குப் பிடரிதான் முதலில் கறுக்கும்.

இந்தக் கணக்கில் நாளுக்கு இரண்டு முறை பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதமும் வராது. அதனால்தான், என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “மாதம் ஒன்று வாங்க உங்களுக்கு எவ்வளவு கட்டும்?” என்றுதான். விலை கூடியதைக் கிள்ளிப் பூசுவதைவிட, கைக்கு எட்டியதை அள்ளிப் பூசுவது மேல்.

பார்மசியில் எதைப் பார்த்து எடுப்பது? எஸ்.பி.எஃப். என்ற எண், சூரியனின் புற ஊதாக் கதிர்களில் தோலை எரிக்கிற யூ.வி.பி. கதிருக்கானது. 30 என்றால் அந்தக் கதிரில் சுமார் 3 வீதம் உள்ளே போகும். 50 என்றால் 2 வீதம். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் நாங்கள் எப்படியும் கொஞ்சம் குறைத்தே பூசுவோம் என்பதால் 50ஐ எடுங்கள். எரியாமலே தோலைக் கறுக்க வைப்பதில் யூ.வி.ஏ. கதிருக்குப் பெரிய பங்கு. அதற்கு பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பின்னால் எத்தனை பிளஸ் என்று பாருங்கள். மூன்று, கிடைத்தால் நாலு. சில ஐரோப்பியத் தயாரிப்புகளில் பிளஸ் இராது, வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்றிருக்கும், அதுவும் நல்லது. இரண்டுமே இல்லாத டியூப்பை, எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யூ.வி.ஏ. கண்ணாடியாலும் வரும். கொழும்பு பஸ்ஸில் யன்னல் பக்கம் இருக்கிறவர்களும் பூசத்தான் வேண்டும்.

மங்கு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னொன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற நிறத் தோலில், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கறுப்பைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயன் ஒக்சைட் சேர்த்த, தோல்நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் ஓரளவு தடுக்கும். சிங்க் ஒக்சைட் சேர்த்த சன்ஸ்கிரீன் முகத்தில் சாம்பல் பூசினமாதிரி நிற்கிறது என்று சலிக்கிறவர்களுக்கும் அந்தச் சாயமுள்ளது ஒத்துவரும். என் கன்னத்து மங்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் அதற்கு மாறிய பிறகு பரவவில்லை.

இனி நேரம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். எங்கள் ஊரில் காலை ஒன்பது தாண்டினாலே நிழல் குறுகத் தொடங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் திருகோணமலைக்கு நேர் மேலே நிற்கும். லைட் போஸ்ட்டின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் சுடுவது தெரியாது. தெரியாததால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளிக்கிட இருபது நிமிடத்துக்கு முன் பூசுங்கள். வெளியிலேயே நிற்கிறவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஈரக் கைலேஞ்சியால் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். நான் பதினொரு மணிக்கு யாராவது ஒரு வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிப் பூசுவேன். “மிஸ், எங்களுக்கும் கொஞ்சம் தாங்கோ” என்று கேட்பார்கள். கொடுப்பேன், இரண்டு விரலளவு.

கைக்கு நான் கிரீமை நம்பவில்லை. நீளக் கைச் சட்டையும் கையுறையும் போட்டுத்தான் ஸ்கூட்டி ஓடுகிறேன். துணி மறைக்கிற இடத்தில் கிரீமுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். குப்புற மிதந்து பவளப்பாறை பார்க்கிறபோது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வேகும். உடம்போடு ஒட்டிய நீளக் கைச் சட்டையோடு இறங்குங்கள். ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் என்ற இரசாயனங்கள் சேர்ந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2018இல் சட்டம் போட்டு, 2021 தொடக்கம் நிறுத்தியது. பவளத்துக்குக் கேடு என்பதுதான் காரணம். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அந்தப் பாறைகள் எங்களுடைய சொத்து. முகத்துக்கு சிங்க் ஒக்சைட் பூசினால் போதும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூச வேண்டாம். நிழலும் தொப்பியும் போதும். எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை எடுக்கிற வயல்காரர்களுக்கு வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாகச் சுடலாம். அதற்காகக் குளிசையை நிறுத்தாதீர்கள், நீளக் கைச் சட்டை போடுங்கள்.

ஏற்கெனவே கறுத்ததை வெளுக்க வைக்கத் தேசிக்காய் தேய்க்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு தாய், கிரிக்கெட் விளையாடிக் கறுத்த மகனின் கழுத்தில் தேசிக்காய்ப்புளி பூசி மைதானத்துக்கு அனுப்பினார். புளி பட்ட இடம் வெயிலில் கொப்பளித்து, கோடு கோடாகக் கறுப்பு மாதக்கணக்கில் நின்றது. பெயர் விபரம் இல்லாத டப்பாக்களில் வருகிற வெளுக்கும் கிரீம்கள் அதைவிட மோசம். இப்படியானவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தையும் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். பிறந்த நிறம் ஒரு குறையே இல்லை. அதை மாற்ற எதுவும் பூசாதீர்கள். வெயிலால் வந்த கறுப்பு, வெயிலைத் தடுத்தால் கிழமைக்கணக்கில் தானாகவே குறையும்.

டியூப்பை ஸ்கூட்டி சீற்றின் கீழ் வைக்காதீர்கள்; அந்தச் சூட்டில் எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடும். கைப்பையில், தண்ணீர்ப் போத்தலோடு ஒட்டி வையுங்கள். திறக்கிற அன்றே பேனையால் அதில் திகதி எழுதுங்கள். அடுத்த மாதம் அதே திகதியில் தூக்கிப் பாருங்கள். இன்னும் கனமாக இருந்தால், நாளையிலிருந்து இரண்டு விரலையும் முழுதாக நீட்டிப் பிதுக்குங்கள்.