துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்

பல் துலக்கி முடித்ததும் மக் நிறையத் தண்ணீர் எடுத்து, பேஸ்ட்டின் சுவடே இல்லாமல் வாயைக் கொப்பளிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். பேஸ்ட்டில் பல் சொத்தையைத் தடுக்கச் சேர்க்கும் ஃப்ளோரைடின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். அது வேலை செய்வது தேய்க்கும் இரண்டு நிமிடத்தில் மட்டுமல்ல. பிறகு எச்சிலிலும் பல் இடுக்கிலும் தங்கியிருக்கும்போதும்தான். நுரையைத் துப்பிவிட்டு அதோடு நிறுத்துங்கள்.

ஏன் தங்க வேண்டும்? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பல்மேல் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அமிலத்தைத் தணித்ததும் அவை திரும்பிப் படியும். அந்த நேரத்தில் ஃப்ளோரைடு அருகில் இருந்தால் படிவு விரைவாகும். அப்படிப் படிந்தது பழைய எனாமலைவிட அமிலத்தையும் நன்றாகத் தாங்கும். இன்னொரு வேலையும் உண்டு. அமிலம் கூடும்போது ஃப்ளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து பாக்டீரியாவுக்குள் புகுந்து, சர்க்கரையை உடைக்கும் எனோலேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது.

தடுக்கிறது என்றுதான் சொன்னேன். பாக்டீரியாக்களை ஒழித்துக்கட்டுவதாக நினைக்க வேண்டாம். மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட டீ குடிப்பவரை எந்த பேஸ்ட்டும் முழுதாகக் காப்பாற்றாது.

காலையில் மட்டும் துலக்குவதும் தவறு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் இரவுத் துலக்கல்தான் முக்கியம். மூலிகை, கரி என்று விளம்பரம் செய்யும் பேஸ்ட்டுகளில் சிலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. டியூபின் பின்புறம் பாருங்கள், ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அளவில் இருந்தால் நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் தவறு நேர்மாறானது. விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கிவிடுகிறோம், அவர்களோ விழுங்கிவிடுகிறார்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு போதும். ஈறுக்குள் நிலையான பற்கள் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அதிகமாக உள்ளே போனால் அவற்றில் வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கறையோ வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் வந்த சிக்கல் இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அது முக்கியக் காரணம். அத்தகைய போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகிக் குறையும். ஃப்ளோரைடு அப்படியே தங்கி, மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடும். அதைக் குறைக்க ஆர்ஓ போன்ற வடிகட்டி வேண்டும்.