பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு மனு எழுதும்முன்: எங்கெங்கே சறுக்குகிறது

"சாதியைப் பார்த்து என்னை ஒதுக்குகிறார்கள்" என்று மட்டும் எழுதிய மனுவுக்கு, "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று துறை ஒற்றை வரியில் பதில் போட்டுவிடும். "2022 நேரடி நியமனத்தில் இனச்சுழற்சிப்படி (எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசைப்படி) பட்டியல் சாதியினருக்கு உரிய இடங்கள் எவை, அவற்றில் யார் யார் நியமிக்கப்பட்டார்கள்" என்று கேட்டால் பதிவேட்டைத் திறக்காமல் பதில் எழுத முடியாது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போகும் மனு இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். பதிவேட்டைக் கேட்டு வாங்கும் அதிகாரம்தான் அந்த ஆணையத்தின் பெரிய பலம்.

முதலில், கதவு சரியானதா என்று பாருங்கள். அரசியலமைப்பின் 338ஆம் பிரிவில் வரும் இந்த ஆணையம் பட்டியல் சாதியினருக்கு மட்டும். பழங்குடியினருக்கு 338அ, பிற்படுத்தப்பட்டோருக்கு 338ஆ என்று தனித்தனி ஆணையங்கள் உண்டு. தமிழ்நாட்டில் அடிக்கடி இடறும் இடம் மதமாற்றம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகிய மூன்று சமயத்தவரே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானவர் எவ்வளவு கொடுமையை அனுபவித்திருந்தாலும், சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்று இருந்தால் மனு வாசலிலேயே நின்றுவிடும். இது நியாயமா என்பது வேறு விவாதம். மாநில அளவில், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தமிழ்நாடு ஆணையம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இரு தரப்பையும் விசாரிக்கிறது.

நகல் போடும் பழக்கம் இன்னொரு பெரிய சறுக்கல். முதலமைச்சர், ஆளுநர், ஆட்சியர் என்று வரிசையாக எழுதி, கடைசியில் "நகல்: ஆணையத் தலைவர்" என்று சேர்ப்பார்கள். நகலாக வரும் கடிதத்தின் மேல் ஆணையம் நடவடிக்கை எடுக்காது. தலைவர், துணைத் தலைவர், செயலர் அல்லது சென்னையில் உள்ள அதன் அலுவலகத் தலைவர் பெயருக்கே நேரடியாக எழுத வேண்டும். முழுப் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றும் கட்டாயம். பயத்தில் மொட்டைக் கடிதம் போட்டால் பயனில்லை. சாதிச் சான்றிதழ் நகலையும், மீறப்பட்ட அரசாணை எது என்ற விவரத்தையும், அதற்கான ஆவணத்தையும் இணையுங்கள்.

இடமாறுதல், பணியிடம், ரகசியக் குறிப்பேட்டு (மேலதிகாரி எழுதும் ஆண்டு மதிப்பீடு) மதிப்பெண் போன்ற நிர்வாகக் குறைகளை ஆணையம் எடுத்துக்கொள்வதில்லை. சாதி காரணமான துன்புறுத்தல் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே "என்னைத் தூக்கியடித்துவிட்டார்கள்" என்பது போதாது. அதே அலுவலகத்தில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் மாற்றப்பட்டது யார், நீங்கள் வாய்விட்டுப் புகார் சொன்ன தேதிக்கும் இடமாறுதல் ஆணை வந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதை அட்டவணையாகக் கொடுங்கள். இந்த விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவை அனுப்பிய பிறகு ஆதாரம் தேடுவதைவிட, ஒரு மாதம் பொறுத்து ஆதாரத்தோடு அனுப்புவது மேல்.

பொறுத்தல் என்றதும் ஓர் எச்சரிக்கை. மத்திய அரசு ஊழியர், பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக, இறுதி ஆணையிலிருந்து ஓராண்டுதான் கெடு. ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது. "ஆணையம் பார்த்துக்கொள்ளும்" என்று இரண்டு ஆண்டு காத்திருந்து, தீர்ப்பாயக் கதவும் அடைபட்டவர்கள் உண்டு. மறுபுறம், வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலோ தீர்ப்பு வந்துவிட்டாலோ ஆணையம் அதைத் தொடாது. எனவே எந்த வழி என்பதைக் கெடு தேதியைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஆணையம் சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களை வரவழைக்கலாம். இவற்றில் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் தடையாணை தர முடியாது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே இதைச் சொல்லிவிட்டது. 17(பி) மெமோ (தமிழ்நாடு அரசு ஊழியருக்கான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்தவர் ஆணையத்துக்கு எழுதிவிட்டேன் என்று விளக்கம் கொடுக்காமல் இருந்தால், ஒருதலைப்பட்சமாக விசாரணை முடிந்துவிடும்.

அடி, வசை, நிலப் பறிப்பு என்று வன்கொடுமையானால் காவல் நிலையம்தான் முதலில். அங்கே சி.எஸ்.ஆர் ரசீதை (புகார் பெற்றதற்கான ஒப்புகை) வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 18அ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. பதிய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். பதிந்த அறிக்கையின் நகல் இலவசம். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவற்றில் எது நடக்கவில்லையோ, அதை ஆணையத்துக்கு எழுதும் மனுவின் மையமாக்குங்கள். "காவல்துறை மோசம்" என்பதைவிட "75 நாளாகியும் குற்றப்பத்திரிகை இல்லை" என்பது கனமானது.

சாதி சொல்லித் திட்டியதாகப் புகார் எழுதும்போது இடத்தை விட்டுவிடுவது தொடர்ந்து நடக்கிறது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் என்பது அந்தக் குற்றத்தை நிரூபிக்கத் தேவையான கூறு. திருச்சி மாவட்டத்திலிருந்து போன கருப்புடையார் வழக்கில், அலுவலக அறையின் நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது நடந்ததாகப் புகார் இருந்ததால் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. வாசலா, கூடமா, கதவு திறந்திருந்ததா, வெளியார் யார் கேட்டார்கள் என்பதை முதல் புகாரிலேயே எழுதுங்கள். பிறகு சேர்த்தால் ஜோடனை என்பார்கள். சொன்ன சொல்லை "தகாத வார்த்தை" என்று மழுப்பாமல் அப்படியே எழுத வேண்டும். கூச்சப்பட்டால் வழக்குத்தான் வலுவிழக்கும். வாட்ஸ்அப் செய்தி ஆதாரமென்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் அந்த போனையே பத்திரப்படுத்துங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் ஆணையம் துறைக்கு நோட்டீஸ் அனுப்பும். துறையின் பதில் நகல் உங்களுக்கு வரும்போது அயர்ந்துவிடக் கூடாது. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் கோப்பு மூடப்படலாம். பத்தி எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று ஆவணத்தைச் சுட்டிப் பதில் எழுதுங்கள். கடிதத்தின் மேல் கோப்பு எண்ணைப் போட மறக்காதீர்கள். இடையில் வீடு மாறினால் புது முகவரியை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.