சர்க்கரை நோய் மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்ளும் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி?

சர்க்கரை நோய் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறையப் பாதிப்பேர்தான் மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. இத்தனை பேர் தடுமாறும்போது, அதை ஒருவருடைய குணக்குறை என்று கொள்வது நியாயமாகாது. தலைவலி மாத்திரையைப் போடாவிட்டால் வலி நினைவூட்டும். சர்க்கரை மாத்திரையைத் தவறவிட்டால் பெரும்பாலும் உடம்பு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாத நரம்புகளிலும் பாதிப்பு தெரிய ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் விளக்கினார். பிறர் செய்வதைப் பார்ப்பதும், பிறர் ஊக்கப்படுத்துவதும் உதவும் என்றாலும், தானே ஒருமுறை செய்து முடித்த அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று என்றார் அவர். ஆகவே நாளை முதல் நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்வேன் என்று தொடங்க வேண்டாம். நீங்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு வேளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது இரவு மாத்திரையாக இருக்கலாம். மற்ற வேளைகளை வழக்கம்போல் தொடர்ந்துகொண்டே, அந்த ஒரு வேளையை இரண்டு வாரங்கள் பிடித்துவிட்டால், அடுத்த மாற்றத்துக்கான துணிவு தானாகவே வரும்.

அதற்கு முன், மாத்திரை ஏன் தவறுகிறது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். மறந்து விடுவது வேறு, வேண்டாம் என்று விடுவது வேறு. முன்னதற்கான வழி பின்னதற்குப் பலிக்காது.

மறதிதான் காரணம் என்றால், மாத்திரையை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இணைத்துவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டு எடுக்கும் இடத்திலேயே மாத்திரை டப்பாவை வைக்கலாம். அடுப்பின் சூடும் ஆவியும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாத்திரை அட்டையின் பின்புறம், ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகப் பேனாவால் தேதியை எழுதி வைப்பது செலவில்லாத வழி. இன்று போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இரண்டாவது மாத்திரையை விழுங்கிவிடும் ஆபத்தையும் அது தடுக்கும். மேலும், கிழிந்த தாளில் வரிசையாகத் தெரியும் தேதிகள், ‘என்னால் முடிகிறது’ என்பதற்கு நீங்களே உங்களுக்குக் காட்டும் சான்று.

வேண்டுமென்றே விடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அச்சமோ தொல்லையோ இருக்கும். சர்க்கரைக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரையான மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயு உண்டாகலாம். உணவோடு எடுப்பதும், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் இதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் இவற்றை மருத்துவர்தான் மாற்றித் தர முடியும் என்பதால், சொல்லாமல் நிறுத்துவதில் பயனில்லை. மாத்திரையே கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுபவர்கள் ஏராளம். கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரைதான். ஏற்கெனவே சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குச் சில மருந்துகளின் அளவைக் குறைக்க அல்லது நிறுத்த வேண்டியிருக்கும். அதற்காகத்தான் ஆண்டுக்கு ஒருமுறையாவது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் வலிமையான அச்சம், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும் என்பது. ஒருமுறை கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருண்ட அனுபவம் வாய்த்தவர் மாத்திரையைக் கண்டாலே தயங்குவார், அதில் தவறில்லை. உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இது நேரும். எனவே கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்கும் முன்பே போட்டுவிடாமல், உணவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ, அறிகுறி தெரிந்தாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, குறைவாகவே இருந்தால் மீண்டும் ஒருமுறை குடித்து, சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தால் அச்சம் பாதியாகிவிடும்.

பணமோ அலைச்சலோ தடையாக இருந்தால், தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள்.

வீட்டார் ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று விசாரணைபோலக் கேட்பதைவிட, தண்ணீர்ச் செம்பை எடுத்து வைப்பது நல்லது. அதட்டலுக்குப் பயந்து ‘போட்டுட்டேன்’ என்று சொல்லப் பழகியவர், மருத்துவரிடமும் அதையே சொல்வார். இதில் உண்மையான ஆபத்து உண்டு. பாதி மாத்திரைதான் உள்ளே போகிறது என்று தெரியாத மருத்துவர், அளவு போதவில்லை என்று கருதி மருந்தைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுக்கத் தொடங்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் ஒழுங்காக இருப்பதாலும் பயனில்லை. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரைச் சராசரியைக் காட்டிவிடும்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகப் போட வேண்டாம். பல நாள் விட்டுப்போயிருந்தால், மருத்துவரைக் கேட்டு மீண்டும் தொடங்குங்கள். அடுத்த முறை செல்லும்போது தேதி எழுதிய அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், ‘இந்த மாதம் இத்தனை வேளை விட்டுப்போச்சு டாக்டர், காரணம் இது’ என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.