அலாய் வீலுக்கு வீட்டிலேயே பெயிண்ட்: இரும்பு கேட் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையின் புளியரை எஸ் வளைவில் எதிரே கல் லாரி வந்தால் இடதுபக்கம் ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஒதுங்கும்போது ஓரத்துக் கல்லில் ரிம் உரசி, வயிற்றைக் கலக்குவதுபோல் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு அடிக்கடி போய்வருகிற கார்களைப் பாருங்கள், இடதுபக்கச் சக்கரங்களின் விளிம்பில் அந்தத் தழும்பு இருக்கும். அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். என் காரின் நான்கு சக்கரங்களையும் நானே செய்திருக்கிறேன். ஆனால் முதல் சக்கரத்தை மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. முதல் தடவை அடித்த பெயிண்ட் இரண்டு மாதத்தில் வெயிலில் உரியும் தோல்போல் உரிந்து வந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. வீட்டு வாசல் இரும்பு கேட்டுக்கு என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்திருந்தேன். அலாய் வீல் அலுமினியம். அதில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்திருக்கும். இரும்பில் பழகிய கை இதில் எங்கெல்லாம் தப்புச் செய்யும் என்று சொல்கிறேன்.

பெயிண்டுக்கு முன்னால் ஒரு விஷயம். எல்லாச் சக்கரத்தையும் வீட்டில் தொடக் கூடாது. உரசல், சிராய்ப்பு, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் உள்ள பள்ளம், இவ்வளவுதான் நம் வேலை. விரிசல் இருந்தாலோ, விளிம்பு நெளிந்திருந்தாலோ, காற்று அடிக்கடி இறங்கினாலோ அது பெயிண்டால் தீராது. பட்டி பார்த்து விரிசலை மறைப்பது மிக ஆபத்தான தவறு. வெளியே அழகாகத் தெரியும், உள்ளே விரிசல் வளர்ந்துகொண்டே போகும். நெளிந்த விளிம்பை கேஸ் டார்ச்சில் காய்ச்சி, சுத்தியலால் தட்டி நிமிர்ப்பதும் இரும்பு ரிம் காலத்துப் பழக்கம். பெரும்பாலான அலாய் வீல்களை வார்த்த பிறகு சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடியும் 150 முதல் 170 டிகிரி வரையான சூட்டில் மணிக்கணக்கில் வைத்துத்தான் பலம் ஏற்றுகிறார்கள். டார்ச் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். மலைப்பாதை இறக்கத்தில் குடும்பத்தோடு போகிற காருக்கு இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

டைமண்ட் கட் வீலும் வீட்டு வேலைக்கு ஆகாது. முகப்பில் கண்ணாடிபோல் மின்னும் வரிகளை லேத்தில் சீவி, மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்திருப்பார்கள். உப்புத்தாள் பட்டால் அந்த வரிகள் போய்விடும். முழுக்க ஒரே நிறம் அடித்துக்கொள்ளச் சம்மதம் என்றால் மட்டும் தொடுங்கள்.

சரி, நம்மால் முடிகிற சக்கரம்தான் என்று தெரிந்துவிட்டது. கழுவுவதிலேயே முதல் தவறு தொடங்குகிறது. பிரேக் தூள் கருப்பாக அப்பிக்கிடப்பதைப் பார்த்துவிட்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். நொடியில் வெள்ளையாகிவிடும், உண்மைதான். ஆனால் ஆசிட் அலுமினியத்தை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும், பழைய கிளியருக்கு அடியிலும் புகுந்துவிடும். ஷாம்பு தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை போதும். வண்டி ஓட்டிவந்த சூட்டோடு கழுவாதீர்கள், சக்கரம் ஆறட்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி டயர் பாலிஷ். சர்வீஸ் முடிந்ததும் டயர் கருகருவென்று மின்னுகிறதே, பெரும்பாலும் அது சிலிக்கோன் எண்ணெய். ரிம்மிலும் அது படிந்திருக்கும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறோம் என்று அர்த்தம். பிறகு பெயிண்ட் அடித்தால் மீன் கண்போலக் குட்டிக் குட்டி வட்டமாக விலகி நிற்கும். என் இரண்டாவது முயற்சி கெட்டது இதனால்தான். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, தேய்த்த பிறகு ஒரு தடவை பெயிண்ட் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் ரிமூவரால் துடையுங்கள். நனைத்த துணியால் துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் எண்ணெய் அங்கேயே படிந்துவிடும். அதற்கப்புறம் வெறும் கையால் தொடாதீர்கள்.

தேய்க்க கிரைண்டர் வேண்டாம். அதில் மாட்டும் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் தட்டு) பட்ட இடம் ஒரே நொடியில் தட்டையாகிவிடும், வட்ட விளிம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கையாலேயே 120 அல்லது 180 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 320, பிறகு 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுப் போடுங்கள். பழைய பெயிண்டும் உலோகமும் சேரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது.

இனி பட்டி. சுவருக்கு வைக்கிற வெள்ளைப் பட்டி மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள், அது சிமெண்ட் சரக்கு, முதல் மழையிலேயே வெடித்து உதிரும். ட்யூபில் வரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி ஊசிக்கீறலுக்குத்தான். பள்ளத்தில் கனமாக வைத்தால் காய்ந்து சுருங்கி, பள்ளம் மறுபடி தெரியும். பள்ளத்துக்கு ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்) கலக்கும் பாலியஸ்டர் பட்டி வாங்குங்கள். 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர் என்பது பொதுவான அளவு, டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கூடக் கலந்தால் பட்டி மொறுமொறுத்துப் பிளக்கும்.

என் முதல் பெயிண்ட் உரிந்ததற்குக் காரணம் பிரைமர். கடையில் போய் “அண்ணாச்சி, மெட்டலுக்கு பிரைமர் கொடுங்க” என்று மொட்டையாகக் கேட்டேன். ரெட் ஆக்சைடு வந்தது. அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது, கேட்டுக்கும் கிரில்லுக்கும் அதைத்தானே எல்லோரும் வாங்குகிறார்கள். அது இரும்பின் துருவைத் தடுக்கச் செய்தது. அலுமினியம் தேய்த்த உடனேயே மேலே மெல்லிய ஆக்சைடு ஏடு கட்டிக்கொள்ளும், சாதாரண பிரைமருக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. “அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் வேணும், இல்லேன்னா எபாக்சி பிரைமர்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பட்டி வைத்த சக்கரத்துக்கு நான் எபாக்சியையே சொல்வேன். எட்ச் பிரைமரில் ஆசிட் இருக்கிறது, அது பாலியஸ்டர் பட்டியோடு ஒத்துப்போகாது. இன்று தேய்த்துவிட்டு அடுத்த ஞாயிறு பிரைமர் அடிப்பதும் வீண் வேலை. தேய்த்த அன்றே அடித்துவிட வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் வானிலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று மண்ணை வாரி இறைக்கும், இடையிடையே குற்றாலச் சாரலும் வந்து விழும். அப்போது இந்த வேலையை எடுத்தால் பெயிண்டில் மண்தான் ஒட்டும். ஈரக்காற்றில் இன்னொன்றும் நடக்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கிளியர் பால் கொட்டினாற்போல் வெளிறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதை. ஐயப்ப சீசனுக்கு வண்டியைத் தயார் செய்ய நினைப்பவர்கள் புரட்டாசியிலேயே ஒரு வறண்ட நாள் பார்த்து முடித்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது மாசி, பங்குனிக் காலை. பனி விலகி, வெயில் ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் போதும். நேர் வெயிலில் வைத்து அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் கொப்புளம் போடும்.

அடிக்கும்போது ஸ்ப்ரே டப்பாவை 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். முதல் பூச்சிலேயே நிறம் நிறைய வேண்டும் என்ற ஆசைதான் வழியவிடுகிறது. கிளியருக்கு வீட்டில் ஹார்டனர் கலக்காத ஒற்றை டப்பா வகையே போதும், பெட்ரோலும் பிரேக் ஆயிலும் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் உறுதியானதுதான், ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கும். முகத்தில் கட்டிய துண்டும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் அதைத் தடுக்காது. அதுதான் வேண்டும் என்றால் பெயிண்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

டயரைக் கழற்றாமல் அடிப்பவர்கள் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் செருகினால் டயரில் பெயிண்ட் படாது. காரிலேயே சக்கரத்தை வைத்து அடிக்காதீர்கள், பிரேக் டிஸ்க்கில் தெறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் காரை நிறுத்தி வைக்காதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். பின்பக்கம் ஹப்போடு (காரில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டி உட்காரும் பரப்பிலும், நட்டு உட்காரும் குழிகளிலும், டயர் அமரும் விளிம்பிலும் பெயிண்ட் போகவே கூடாது. ஹப் பரப்பிலோ குழியிலோ கனமாகப் பெயிண்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, நட்டின் பிடி தளரும். டயர் விளிம்பில் என்றால் காற்று கசியும்.

குறைந்தது 24 மணி நேரம் காய்ந்த பிறகே மாட்டுங்கள், ஒரு வாரத்துக்கு ஷாம்பு வாஷ் வேண்டாம். ஈய எடைகளைக் கழற்றியிருந்தால் வீல் பேலன்சிங் பார்த்துவிடுங்கள். நட்டுகளை எதிரெதிராக, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ஸ்பானரில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) முறுக்க வேண்டும். புனலூர் வரை ஒரு தடவை போய்வந்தால் நூறு கிலோமீட்டர் பக்கம் ஆகும். திரும்பி வந்து வண்டி ஆறியதும் அதே ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.