சேர் மாத்தினா மட்டும் இடுப்பு வலி போகாது: உக்காந்தே வேலை பாக்குறவங்க செய்யுற தப்புகள்

எங்க வீடு செங்கோட்டையில. அம்மா காலையில தட்டை மடியில வச்சி பீடி சுத்த உக்காந்தாங்கன்னா மதியம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க, பக்கத்து ரூம்ல லேப்டாப்போட நானும் அப்படித்தான், ரெண்டு பேருக்கும் ஒரே வருஷத்துல இடுப்பு பிடிச்சிருச்சு. அவங்க தரையில, நான் சேர்ல, ஆனா வலி ஒண்ணுதான்.

நான் செஞ்ச முதல் தப்பு, காசு போட்டு நல்ல சேர் வாங்கிட்டோம்னு இன்னும் ரெண்டு மணி நேரம் கூட உக்காந்தது. முதுகெலும்பு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க்குக்கு பெரியவங்க உடம்புல நேரடி ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட கிடையாது, பக்கத்து எலும்புல இருந்து ஊறி வர்ற சத்துதான், நாம அசைஞ்சாதான் அது அமுங்கி விரிஞ்சு நீரை இழுத்துக்கும். எவ்வளவு விலை சேரா இருந்தாலும் நம்மள அசைக்காது. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் நடங்க, போன் வந்தா நின்னு பேசுங்க.

அடுத்தது, நிமிர்ந்து உக்காருன்னு சொன்னாங்கன்னு கம்பு மாதிரி விறைப்பா இருக்கறது. ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் டிஸ்க்குக்குள்ள ஊசி வச்சு அழுத்தத்தை அளந்து பாத்தார், நிக்கும்போது 100ன்னு வச்சா உக்காரும்போது 140, முன்னால குனிஞ்சு உக்காந்தா 185. 1999ல ஜெர்மனியில திரும்ப அளந்தப்ப, சும்மா உக்கார்றதுக்கும் நிக்கிறதுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியல, ஆனா குனிஞ்சா ஏறுது, நல்லா சாஞ்சா குறையுது. அதனால சாஞ்சே உக்காருங்க. லேப்டாப்புக்கு அடியில நாலு புத்தகம் வச்சு ஸ்க்ரீனை கண்ணுக்கு நேரா தூக்கிட்டு கீபோர்டு தனியா வச்சுக்கிட்டா கழுத்து தொங்காது. அம்மாவுக்கு சுவரோரம் இடம் மாத்தி முதுகுக்கு ஒரு தலகாணி குடுத்தோம்.

காலையில அரை மணி நேரம் நடக்குறேனே, அப்புறம் என்னன்னு நிறைய பேர் கேக்காங்க. நடக்குறது ரொம்ப நல்லது, ஆனா மீதி நாள் பூரா அசையாம இருந்தா அது பத்தாது. 1953லயே லண்டன் மாடி பஸ்ல ஆராய்ச்சி பண்ணி, உக்காந்தே ஓட்டுற டிரைவருக்கு மாடிப்படி ஏறி இறங்குற கண்டக்டரை விட இதய நோய் அதிகம்னு எழுதிட்டாங்க. 2016ல 10 லட்சம் பேருக்கு மேல உள்ள கணக்கைப் பாத்து, எட்டு மணி நேரத்துக்கு மேல உக்கார்றவங்க தினம் 60ல இருந்து 75 நிமிஷம் வேகமா நடக்குற அளவு உழைச்சாதான் உக்கார்றதால சீக்கிரம் சாவு வர்ற ஆபத்து ஈடாகுதுன்னாங்க. ஒரே மூச்சுல வேண்டாம், பிரிச்சு பிரிச்சு நடங்க.

பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, எங்க தெருவுல பீடி சுத்துற அக்காமார் நிறைய பேர் இப்படித்தான், யூரின் இன்ஃபெக்‌ஷன்தான் மிச்சம். மணிக்கணக்கா உக்காந்துட்டு எந்திரிச்ச வேகத்துல சிலிண்டரையோ தண்ணிக் குடத்தையோ தூக்குறதும் வேண்டாம், கொஞ்சம் நடந்துட்டு தூக்குங்க.

வலி வந்தப்புறம் செய்யுற தப்பு இன்னும் பெருசு. நான் ஒரு வாரம் படுத்தே கிடந்தேன், எந்திரிச்சப்ப உடம்பு இன்னும் இறுகிப் போச்சு. சாதாரண இடுப்பு வலிக்கு முடிஞ்ச அளவு நடமாடத்தான் இப்ப டாக்டர்கள் சொல்லுதாங்க. ஆரியங்காவு தாண்டி கேரளாவுல புனலூர் பக்கம் போய் உழிச்சல்னு எண்ணெய் மசாஜ் பண்ணிட்டு வர்றது, முறிவெண்ணெய்ங்கிற ஆயுர்வேத எண்ணெய் தேய்க்கிறது எல்லாம் இதமா இருக்கும், ஆனா மறுநாள் அதே மாதிரி ஆறு மணி நேரம் உக்காந்தா வலி திரும்ப வந்து நிக்கும். மெடிக்கல்ல நாமளே கேட்டு வாங்குற வலி மாத்திரையை மாசக்கணக்கா போடாதீங்க, வயித்துல புண்ணாகும், கிட்னியையும் கெடுக்கும்.

கால் மரத்து பலம் குறைஞ்சா, ஒண்ணுக்கு போறது அடைச்சாலோ கட்டுப்பாடு இல்லாம போனாலோ, தொடை இடுக்குல உணர்ச்சி இல்லன்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, நரம்பு அழுந்தினா நேரம் போகப்போக சரிபண்ண முடியாம போயிரும். காய்ச்சலோட வலி இருந்தாலும், காரணமில்லாம எடை குறைஞ்சாலும் தள்ளிப்போடாம காட்டிருங்க.

அம்மா இப்ப நனைச்ச இலையை பக்கத்துல வச்சுக்கிறதில்ல, அடுக்களையில வச்சிருக்காங்க, ரெண்டு கட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுப் போய் கொஞ்சம் எடுத்துட்டு வர்றாங்க, போற சாக்குல ஒரு டம்ளர் தண்ணியும் குடிச்சிருவாங்க.