மாற்றுத்திறனாளிக்கு வீட்டிலேயே அன்றாட உதவியை ஏற்பாடு செய்வது எப்படி?

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஓர் ஆட்டோ நுழைந்தால், எதிரே வரும் தள்ளுவண்டி பின்வாங்கித்தான் ஆக வேண்டும். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு என் தம்பி சக்கர நாற்காலியில் அந்தத் தெருவுக்குத் திரும்பிய நாளில், எதை எங்கே கேட்டுப் பெறுவது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதே நிலையில் இன்று இருப்பவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

எந்த அலுவலகத்துக்கும் கிளம்புவதற்கு முன், ஒரு நோட்டில் அவர் காலையில் விழிப்பது முதல் மறுநாள் விழிப்பது வரை நடப்பதையெல்லாம் மணிக்கணக்குடன் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, தாமே செய்கிறாரா, சற்றுக் கைகொடுத்தால் செய்வாரா, முழுவதையும் பிறர்தான் செய்ய வேண்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல வேண்டியவர் அவரே. நீங்கள் எழுதுபவர் மட்டுமே. குளியலை நாங்கள் 'முழுவதும் பிறர்' என்று எழுதியிருந்தோம். தம்பியோ, வாளியும் சோப்பும் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் தானே குளித்துக்கொள்வதாகவும், நாற்காலியிலிருந்து குளியல் முக்காலிக்கு மாறுவதற்கு மட்டுமே ஆள் வேண்டும் என்றும் சொன்னான். முக்கால் மணி நேர உதவி பத்து நிமிடமாகக் குறைந்தது அப்படித்தான்.

இரவை மறந்துவிடாதீர்கள். உணர்ச்சியற்ற உடல் பகுதியில் ஒரே இடத்தில் அழுத்தம் நீடித்தால் படுக்கைப்புண் வரும் என்பதால், படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். எந்த இடைவெளி உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, யார் எந்த நேரத்தில் எழுவது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 2: அடையாள அட்டை

பெரும்பாலான அரசு உதவிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைதான் திறவுகோல். ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகையுடன் விண்ணப்பித்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். எங்கள் பகுதியினருக்கு அருகில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. குறைபாட்டை மதிப்பிடும் மருத்துவக் குழு கூடும் நாளைக் கேட்டறிந்து, பழைய ஸ்கேன்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் பல சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு.

படி 3: உதவித்தொகை

வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும் ஓய்வூதியம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. பின்னது 2023ஆம் ஆண்டில் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. உங்கள் வீட்டவருக்கு எது பொருந்தும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கான மனுவையும் அங்கேயே கொடுக்கலாம்.

படி 4: வாசற்படி

மழைநீர் புகாமலிருக்க வடசென்னை வீடுகளின் வாசலை உயர்த்திக் கட்டுவது வழக்கம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதே சாய்தளத்தின் கணக்கு. அதாவது ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகை வேண்டும். நாங்கள் அவசரத்தில் இரண்டடிப் பலகையை வைத்து ஏற்றியபோது நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து, நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு அண்ணன் தாங்கிப் பிடித்தார். ஆறடி நீளத்துக்கு நிலையான சாய்தளம் கட்டினால் தெருவே அடைபடும் என்பதால், வேலை முடிந்ததும் எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைக்கும் இரும்புத் தகட்டை வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டோம்.

படி 5: உதவியாளர்

ஆளை வைப்பதாக முடிவெடுத்தால், நோட்டில் உள்ள வேலைகளையும் நேரத்தையும் ஊதியத்தையும் விடுமுறையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. முதல் வாரம் வீட்டார் ஒருவர் உடன் இருந்து, நாற்காலியின் இரு பிரேக்குகளையும் பூட்டிய பிறகே இடம் மாற்ற வேண்டும் என்பதைப் பழக்குங்கள். எங்களிடம் முதலில் வந்தவர் எல்லாக் கேள்வியையும் என்னிடமே கேட்டார். மூன்றாம் நாள் தம்பி, "அண்ணே, குளிக்கப்போறது நான்தானே, என்னைக் கேளுங்க" என்றான். பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை என்பதில் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு.

படி 6: வெளியே செல்லுதல்

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் படிக்கட்டுள்ள பேருந்தில் அந்தச் சலுகையால் சக்கர நாற்காலிக்காரருக்கு என்ன பயன்? தாழ்தளப் பேருந்து வராத இடங்களுக்கு, 2021 பிப்ரவரியில் வடசென்னையின் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயில் கைகொடுக்கிறது. புறப்படுமுன், நிலையத்தின் எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்துவிட்டால், எங்கள் பகுதியின் பெரிய சாலையான டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) சக்கர நாற்காலியோடு கடக்க வேண்டியிருக்கும்.