மனம், அறம் என்று ஆராய்வதையே தொழிலாக்க நினைத்தால்

மெய்யியல், அதாவது தத்துவம், படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் வரும் முதல் கேள்வி, "அதப் படிச்சி என்ன வேல மகன் எடுக்கிற?" நியாயமான கேள்வி, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள், புத்தகம் அப்புறம். அமெரிக்க மெய்யியலாளர் ஜோசுவா நோப் 2003இல் வெளியிட்டது இது. 'லாபம் வந்தால் போதும், சூழல் எப்படிப் போனால் எனக்கென்ன' என்று ஒரு கம்பனித் தலைவர் திட்டம் தொடங்குகிறார், சூழல் கெடுகிறது. வேண்டுமென்று கெடுத்தாரா? 82 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். சூழலுக்கு நன்மை வந்ததாகக் கதையை மாற்றி வேறு ஆட்களிடம் கேட்டபோது, வேண்டுமென்று நன்மை செய்தார் என்றவர்கள் 23 சதவீதம்தான்.

கம்பனித் தலைவரை வாவிக்கரை இறால் பண்ணை முதலாளியாக்கி, மட்டக்களப்பு கல்லடியில் காற்று வாங்க வருபவர்களிடமோ கல்முனைச் சந்தையிலோ ஒரு 20 பேரிடம் கேளுங்கள். பாதிப் பேருக்குக் கெட்ட கதை, மற்றவர்களுக்கு நல்ல கதை. ஒருவருக்கே இரண்டையும் சொன்னால் முதல் பதில் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கேட்கும்போதே ஒரு சிக்கல் தட்டுப்படும். எங்கள் பக்கம் 'வேணுமெண்டு செஞ்சான்' என்றாலே பாதிக் குற்றம் சாட்டியாயிற்று, 'வேணுமெண்டு உதவி செஞ்சான்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் அளந்தது ஆட்களின் தீர்ப்பையா, அந்தச் சொல்லின் குணத்தையா? 'தெரிஞ்சே', 'நினைச்சே' என்று மாற்றி மாற்றிக் கேட்டு, பதில் எங்கே அசைகிறது என்று எழுதி வையுங்கள். என்னைக் கேட்டால், தமிழ் பேசுகிறவருக்கு இந்தத் துறையில் கையிலிருக்கும் நல்ல மூலதனம் இதுதான்.

படிப்பு என்றால், பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ மெய்யியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், கூடவே கொஞ்சம் உளவியல். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்திருந்தால் லேசு, எடுக்காவிட்டாலும் குடி முழுகாது. புள்ளிவிபரவியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், நான் தள்ளிப்போட்டுப் பட்டவன். தண்டவாளத்தில் ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பலிகொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்து 2001இல் கட்டுரை வெளியிட்ட ஜோசுவா கிரீன், கலாநிதிப் பட்டம் எடுத்தது மெய்யியலில், ஹார்வர்டில் பேராசிரியராக இருப்பது உளவியலில்.

சரி, வேலை. உள்ளூரில் விரிவுரையாளர் இடம் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் முதல் வகுப்புக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அமெரிக்காவில் நல்ல கலாநிதிப் படிப்புகளில் பொதுவாகக் கட்டணமும் இல்லை, செலவுக்குப் பணமும் தருவார்கள். விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் கட்டுரையைத்தான் உற்று வாசிப்பார்கள், அதற்கு அந்த இறால் பண்ணைக் கதையையே எழுதுங்கள். வீட்டில் கேட்டால் ஐந்தாறு வருடம் சம்பளம் மாதிரி ஒன்று வரும் என்று சொல்லலாம், அதற்குப் பிறகு வேலை நிச்சயம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.